சிங்கப்பூரிலிருந்து கெப்ளர் பாதைக்கு: நான்கு நாள் மலைநடைக்கு ஆயத்தமாகும் முறை

நம் ஊரில் ஏறிப் பார்க்க மலை இல்லை என்பதால், வெளிநாட்டு மலைநடைக்குத் திட்டமிடும் சிங்கப்பூரர்கள் பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் கவலைப்பட்டேன். நியூசிலாந்தின் கெப்ளர் பாதையை இரண்டு முறை நடந்த பிறகு என் கருத்து மாறிவிட்டது. மாடிப்படிகளில் சில மாதங்கள் பழகினால் ஏற்றம் கைவந்துவிடும். சிரமம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, காற்றும் மழையும் மறைப்பின்றித் தாக்கும் மரமற்ற முகடு. மற்றொன்று, அந்த முகட்டிலிருந்து காட்டுக்குள் இறங்கும் நீண்ட இறக்கம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்து விடுப்பு, உடை, பயிற்சி, உணவு எல்லாவற்றையும் எப்படி அமைத்துக்கொள்வது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பாதையைப் புரிந்துகொள்ளுதல்

கெப்ளர் பாதை நியூசிலாந்துத் தென் தீவின் பியோர்ட்லாந்து தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1952-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பரப்பு 12 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகம். சிங்கப்பூரைப் போல் பதினாறு மடங்குக்கும் மேற்பட்ட நிலம். அதற்குள் மிகச் சிறிய ஒரு மூலையில் 60 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப்பாதையாக இது அமைந்துள்ளது. மில்ஃபர்ட், ரூட்பர்ன் ஆகிய புகழ்பெற்ற பாதைகளின் நெரிசலைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்டு 1988-இல் திறக்கப்பட்டது. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட யோஹான்னஸ் கெப்ளரின் பெயர் இங்குள்ள மலைத்தொடருக்கு உண்டு. அதுவே பாதைக்கும் வந்தது.

முதன்முறையாகச் செல்லும் சிங்கப்பூரருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், இது வட்டப்பாதை என்பதே. மில்ஃபர்ட் பாதையும் ரூட்பர்ன் பாதையும் ஓரிடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் முடிகின்றன. படகும் பேருந்தும் முன்கூட்டியே நாள் தவறாமல் பொருந்தி வர வேண்டும். கெப்ளரில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறோம். தே அனாவ் ஏரியின் நீர்ப்போக்கைக் கட்டுப்படுத்தும் மதகுகளின் அருகே வாகனத்தை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கலாம். வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பயணம் முழுவதும் குலைந்துவிடாது.

வழியில் மூன்று மலைக்குடில்கள் உள்ளன: 1,085 மீட்டர் உயரத்தில் லக்ஸ்மோர், 497 மீட்டரில் ஐரிஸ் பர்ன், மானபூரி ஏரிக்கரையில் மோட்டுராவ். பாதையின் மிக உயர்ந்த பகுதி சுமார் 1,400 மீட்டர். இந்த உயரத்தில் மலைநோய் வருமோ என்று அஞ்சத் தேவையில்லை. அது வழக்கமாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல், குடிலில் இடம் பிடித்தல்

மலைநடைப் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் இறுதி வரை நீள்கிறது. அந்த மாதங்களில் குடில்களில் காப்பாளர் இருப்பார், சமையல் எரிவாயு அடுப்பும் குழாய்த் தண்ணீரும் இருக்கும். பருவம் முடிந்த பிறகு அடுப்பு இராது. பனிச்சரிவு அபாயமும் சேர்ந்துகொள்ளும். பனிமலை அனுபவம் இல்லாதவர்கள் அந்தக் காலத்தை அடியோடு விலக்கிவிட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இயல்பாகவே டிசம்பர் விடுமுறையை நோக்குகின்றன. டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பது உண்மையே. ஆனால் அதுதான் நியூசிலாந்துக் குடும்பங்களும் விடுமுறையில் கிளம்பும் காலம் என்பதால் இடம் கிடைப்பது கடினம். மார்ச் மாத ஒரு வாரப் பள்ளி விடுமுறை எனக்குப் பிடித்தமானது. முன்னும் பின்னும் வரும் வாரக்கடைசிகளைச் சேர்த்தால் ஒன்பது நாள்கள் கிடைக்கும்.

அந்த ஒன்பது நாள்களை இப்படிப் பிரிக்கலாம். வெள்ளிக்கிழமை இரவு சாங்கியிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடியாகப் பறந்தால் சுமார் பத்து மணி நேரம். சனிக்கிழமை உள்நாட்டு விமானத்தில் குவீன்ஸ்டவுன் சென்று, அங்கிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரத்தில், ஏறத்தாழ 170 கிலோமீட்டரில் உள்ள தே அனாவ் ஊரை அடையலாம். அங்கும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் வாகனம் ஓட்டுகிறார்கள். ஞாயிறு ஓய்வுக்கும் பொருள் வாங்குவதற்கும். திங்கள் முதல் வியாழன் வரை நடை. வெள்ளிக்கிழமையைக் காலியாக விட்டுவிடுங்கள். இந்த உபரி நாளைத் தயவுசெய்து வேறெதற்கும் ஒதுக்காதீர்கள். "வெள்ளிக்கிழமை மதியம் விமானம்" என்ற ஒன்று மட்டும் இருந்துவிட்டால், போகக்கூடாத வானிலையிலும் முகட்டில் ஏறத் துணிந்துவிடுவோம். மலையில் எடுக்கும் தவறான முடிவுகளில் பல, ஊரில் விடுப்பைக் கணக்குப் பார்த்த அன்றே எடுக்கப்பட்டவை.

குடில்களுக்கான முன்பதிவை நியூசிலாந்து இயற்கைப் பாதுகாப்புத் துறை ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனி நாளில் இணையத்தில் திறக்கிறது. முக்கியமான தேதிகள் விரைவில் தீர்ந்துவிடும். திறக்கும் நாளை முன்பே தெரிந்துகொண்டு, கணக்கைத் தொடங்கி, குழுவினர் அனைவரின் விவரங்களையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தேதியை நம்பாமல் மூன்று தொடக்க நாள்களைக் குறித்து வைப்பது நல்லது. குடிலில் இடம் கிடைக்காவிட்டால் பிராட் பே, ஐரிஸ் பர்ன் ஆகிய இரண்டு இடங்களில் கூடாரமடிக்கலாம். ஆனால் முகட்டில் கூடாரமடிக்க அனுமதி இல்லை என்பதால் பிராட் பேயிலிருந்து ஐரிஸ் பர்ன் வரை ஒரே நாளில் நடக்க வேண்டியிருக்கும். அது ஏறத்தாழ 23 கிலோமீட்டர். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

உடலைப் பழக்குதல்: ஏறுவதைவிட இறங்குவது

முதல் நாள் ஏரிக்கரையிலிருந்து லக்ஸ்மோர் குடில் வரை ஏறத்தாழ 880 மீட்டர் ஏற வேண்டும். புக்கித் தீமாவின் உச்சி 164 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து அதை ஐந்து முறைக்கு மேல் ஏறினால்தான் இந்தக் கணக்கு வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கில் ஒரு மாடியின் உயரத்தைச் சுமார் 2.8 மீட்டர் என்று கொண்டால், நாற்பது மாடிக் கட்டடத்தை எட்டு முறை ஏறுவதற்குச் சமம்.

மாடிப்படியில் பயிற்சி செய்யும் பலர் மேலே ஏறிவிட்டு மின்தூக்கியில் கீழே வருகிறார்கள். முழங்காலுக்கு நல்லது என்று நினைத்து நானும் முதல் முறை அப்படியே செய்தேன். இரண்டாம் நாள் ஐரிஸ் பர்ன் பள்ளத்தாக்கை நோக்கிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறத்தாழ 900 மீட்டர் இறங்கியபோது, என் தொடைகள் பாதி வழியிலேயே நடுங்கத் தொடங்கின. மூன்றாம் நாள் காலையில் குடிலின் நான்கு படிகளை இறங்கவே கைப்பிடி தேவைப்பட்டது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அந்த வேலைக்கு அதை இறங்கித்தான் பழக்க முடியும். ஆகவே, படியில் ஏறினால் படியிலேயே இறங்குங்கள்.

ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு மாதங்கள் வாரத்தில் இரண்டு நாள் படிகள், ஒரு நாள் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி மூன்று மணி நேர நடை, சுமை இல்லாமல். அடுத்த இரண்டு மாதங்கள் அதே பயிற்சியில் ஐந்து கிலோகிராம், பிறகு எட்டு கிலோகிராம் என்று பையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதம் ஒரு சனி, ஞாயிறு தொடர்ச்சியாக நடந்து பாருங்கள். பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் நடைவழியை ஒரு நாளில் முடித்துவிட்டு, மறுநாள் காலை அதே பையுடன் புக்கித் தீமாவில் மூன்று முறை ஏறி இறங்கினால், களைத்த கால்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிடும். தேசியச் சேவையில் 24 கிலோமீட்டர் சுமைநடை முடித்தவர்களுக்குச் சுமையும் தூரமும் புதிதல்ல. ஆனால் அது பெரும்பாலும் சமதளம் என்பதை அவர்கள் மறக்க வேண்டாம். புதிய காலணியைக் கடைசி மாதத்தில் வாங்காதீர்கள். குறைந்தது 80 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும். நடைக்கோல்கள் இரண்டையும் பயிற்சியிலேயே பயன்படுத்துங்கள். இறக்கத்தில் முழங்காலின் பாரத்தைப் பகிர்ந்துகொள்பவை அவையே.

குளிரையும் ஈரத்தையும் எதிர்கொள்ளும் உடை

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். சிங்கப்பூரில் நனைவது என்பது ஒரு தொந்தரவு, அவ்வளவே, காய்ந்துவிடுவோம். முகட்டில் நனைவது உயிருக்கு ஆபத்து. தே அனாவ் ஊரில் 12 பாகை செல்சியஸ் இருக்கும் ஒரு நாளில், உயரம் கூடக் கூட வெப்பநிலை குறைவதால், 1,400 மீட்டரில் 4 அல்லது 5 பாகைதான் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது சுமார் −2 பாகை போலத் தோன்றும். ஈர உடையுடன் நின்றால் உடல் அதைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். இது கோடைக்காலக் கணக்கு. ஜனவரியிலும் அங்கே பனி பொழிவதுண்டு.

என் முதல் பயணத்தில் தங்கையின் கணவர் உடன் வந்தார். நல்ல உடற்கட்டு உள்ளவர். எங்களில் வேகமாக நடந்தவரும் அவரே. பருத்திக் கால்சட்டை அணிந்திருந்தார். முகட்டில் மழை பிடித்துக்கொண்டதும் அது தொடை வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் அவருடைய பேச்சு குறைந்தது. பையின் கொக்கியைக் கழற்ற முயன்று விரல்கள் தடுமாறின. "எனக்கு ஒன்றுமில்லை மச்சான், நடப்போம்" என்றார். அந்தச் சொல்லை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அருகிலிருந்த அவசரக் கொட்டகைக்குள் அவரை அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, தூக்கப்பைக்குள் உட்காரவைத்து, இனிப்பான சூடான தேநீர் கொடுத்தோம். நாற்பது நிமிடங்களில் தெளிந்தார். நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை ஆகியவை உடற்சூடு குறைவதன் அடையாளங்கள். பாதிக்கப்பட்டவர் தாமே அதை உணரமாட்டார். ஆகவே ஒருவர் மற்றவரைக் கவனிக்க வேண்டும். தனியாக நடப்பவர்களைவிட இருவர் மூவராக நடப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழையாலான மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளித்துணி மேற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடியுடன் கூடிய, தையல்கள் ஒட்டி அடைக்கப்பட்ட மழைச்சட்டை, மழைக் காற்சட்டை. இதுதான் அடிப்படை. பஞ்சுபோல் அடைத்த ஒரு சூட்டு மேற்சட்டையை நடக்கும்போது அணியாமல், நிற்கும்போது அணிவதற்காக வைத்திருங்கள். கம்பளித் தொப்பி, கையுறை, மூன்று இணைக் கம்பளிக் காலுறை தேவை. பருத்தி எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட. நம் ஊரில் பயன்படுத்தும் மழைப்போர்வையும் குடையும் அந்தக் காற்றில் பயனற்றவை. பையின் உள்ளே கனமான நெகிழிப் பை ஒன்றை விரித்து, இரவுக்கான உலர்ந்த உடையையும் தூக்கப்பையையும் அதற்குள் கட்டிவையுங்கள். வெளியுறை மட்டும் போதாது.

குடிலில் மெத்தை உண்டு, போர்வை இல்லை. 0 பாகை அளவுக்குத் தாங்கும் தூக்கப்பை, தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், வரைபடம் எல்லாம் சேர்த்து, உணவுடன் மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியாக 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உதவி கோரும் அவசரக் கருவியை நியூசிலாந்தில் வாடகைக்கு எடுக்கலாம். குழுவுக்கு ஒன்று கட்டாயம்.

உணவும் எல்லைச் சோதனையும்

நியூசிலாந்தின் உயிரினப் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமையானது. உணவு எதுவாக இருந்தாலும் பயண அறிவிப்பில் குறிப்பிட வேண்டும். ஆபத்தான பொருளை அறிவிக்காமல் கொண்டுசென்றால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் கூடாது. கறிவேப்பிலை போன்ற பச்சிலைகள், பழங்கள் கூடாது. வீட்டில் அரைத்துப் பெயரொட்டி இல்லாமல் கட்டிய பொடிகளை அதிகாரி நிறுத்திவைக்கக்கூடும். அம்மா ஆசையாகக் கொடுத்துவிட்ட பருப்புப் பொடியை அங்கே விட்டுவர நேர்வது வருத்தமானது. ஆகவே முத்திரையிட்ட, பொருள்களின் பெயர் அச்சிட்ட பொட்டலங்களை மட்டும் தேக்காவில் வாங்கி எடுத்துச் செல்லுங்கள், அவற்றையும் அறிவியுங்கள். மலைக்காலணி, நடைக்கோல், கூடாரம் ஆகியவற்றில் மண் ஒட்டியிருக்கக்கூடாது. காலணியின் அடிப்பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பையின் மேலேயே வையுங்கள். எரிவாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது. கைபேசிக்கு மின்னேற்றும் கையடக்க மின்கலத்தை (பவர் பேங்க்) கைப்பையில் வைக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் புறப்படும் முன் நியூசிலாந்தின் மின்னணுப் பயண அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர் உணவு என்று கணக்கிடுங்கள். சைவர்களுக்கு அவல் நல்ல துணை: எடை குறைவு, வெந்நீர் ஊற்றினாலே தயார். கிறைஸ்ட்சர்ச்சில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. தே அனாவ் பேரங்காடியில் ஓட்ஸ், நிலக்கடலை வெண்ணெய், உலர்பழம், உடனடி மசித்த உருளைக்கிழங்கு, பால்மாவு எல்லாம் கிடைக்கும். முகட்டைக் கடக்கும் நாளுக்கு உட்கார்ந்து சாப்பிடும் உணவை நம்பாமல், நடந்தபடியே வாயில் போட்டுக்கொள்ளக்கூடியவற்றைச் சட்டைப்பையில் வையுங்கள். குடிலில் பாத்திரமோ தட்டோ இல்லை; ஒரு சிறு பாத்திரம், கரண்டி, தீமூட்டி கொண்டுசெல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். குப்பைத்தொட்டி இல்லை, கொண்டுசென்ற அத்தனை உறைகளும் திரும்பி வர வேண்டும்.

தே அனாவில் முதல் நாள்

ஊரில் உள்ள தேசியப் பூங்காப் பார்வையாளர் நிலையத்துக்கு நேரில் செல்லுங்கள். முகட்டுக்கான வானிலை அறிக்கையைக் கேளுங்கள். ஊருக்கான அறிக்கை உதவாது. பிறகு சிங்கப்பூரில் உள்ள நம்பகமான ஒருவருக்கு, எந்த இரவு எந்தக் குடில், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் 111 என்ற அவசர எண்ணின் சேவைக்குத் தகவல் சேர்க்க வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். மார்ச் மாதத்தில் அங்கே ஐந்து மணி நேரம் முன்னதாக இருக்கும். எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதுங்கள். பயணக் காப்புறுதியில் மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று பார்த்துக்கொள்வது ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே செய்யவேண்டிய வேலை.

நான்கு நாள்கள்

முதல் நாள் 13.8 கிலோமீட்டர். மதகுகளிலிருந்து பிராட் பே வரை 5.6 கிலோமீட்டர் ஏரியோரச் சமதளம். அதன்பின் பீச் (beech) மரக் காட்டுக்குள் ஓயாத ஏற்றம். சுண்ணாம்புப் பாறைச்சுவர்களைக் கடந்த பிறகு திடீரென்று மரங்கள் முடிந்து, மஞ்சள் புல்வெளியும் கீழே ஏரியும் கண்முன் விரியும். குடிலை அடைந்ததும் காலணியை உள்ளே வையுங்கள். கியா என்னும் மலைக்கிளி அறிவுமிக்கது. வெளியே விட்ட காலணியையும் பையையும் கிழித்துவிடும். அதற்கு உணவு கொடுக்கவே கூடாது.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் இதயம். லக்ஸ்மோரிலிருந்து ஐரிஸ் பர்ன் வரை 14.6 கிலோமீட்டர், துறை தரும் கணக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம், நமக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையில் காப்பாளர் அடுத்த நாள் வானிலையை விளக்குவார். அவர் சொல்லும் நேரத்தையும் அறிவுரையையும் அப்படியே பின்பற்றுங்கள். வானம் தெளிந்திருந்தால் பாதையிலிருந்து சிறிது விலகி 1,472 மீட்டர் லக்ஸ்மோர் சிகரத்தைத் தொட்டுவரலாம். வழியில் ஃபாரஸ்ட் பர்ன், ஹேங்கிங் வேலி என்று இரண்டு அவசரக் கொட்டகைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நின்று நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எல்லோரும் உலர்ந்திருக்கிறோமா? எல்லோரும் சாப்பிட்டோமா? காற்று கூடுகிறதா? அடுத்த பகுதிக்குப் போதிய பகல் இருக்கிறதா? ஏதேனும் ஒன்றுக்குத் தவறான விடை வந்தால் அங்கேயே காத்திருங்கள், அல்லது லக்ஸ்மோருக்குத் திரும்புங்கள். நின்று நடக்க முடியாத காற்றில் முன்னேற முயல வேண்டாம். இரண்டாவது கொட்டகைக்கு அப்பால் குறுகிய முகட்டில் மரப்படிகள் இறங்குகின்றன, ஈரத்தில் வழுக்கும். அதன்பின் காடு, முடிவில்லாதது போன்ற வளைவுகள். கோல்களைச் சற்று நீட்டிக்கொண்டு, சிறு அடிகளாக வைத்து இறங்குங்கள்.

மூன்றாம் நாள் 16.2 கிலோமீட்டர், பெரும்பாலும் மென்மையான காட்டுப் பாதை. 1984-இல் பெருமழையில் மலைச்சரிவே பெயர்ந்து விழுந்த பெரிய நிலச்சரிவின் தடத்தைக் கடந்து செல்வோம். பாசியும் புதுமரங்களும் அதை மூடிவருகின்றன. மழை இங்கே என்ன செய்யும் என்பதற்கு அது பழைய சான்று. 2020 பிப்ரவரியில் பெய்த மழையின்போது ரூட்பர்ன் பாதையின் ஹௌடன் குடில் நிலச்சரிவில் சிக்கிப் பயன்படுத்த முடியாதபடி சேதமடைந்தது. கனமழை எச்சரிக்கை இருக்கும்போது காப்பாளர் "குடிலிலேயே இருங்கள்" என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமையைக் காலியாக வைத்தது அதற்காகத்தான். மாலையில் மோட்டுராவ் கரையில் சாண்ட்ஃபிளை என்னும் கடிக்கும் சிற்றீக்கள் மொய்க்கும்; நீண்ட கையுள்ள உடையும் பூச்சித் தடுப்புக் களிம்பும் வேண்டும்.

நான்காம் நாள் மீதமுள்ளது 15.5 கிலோமீட்டர். முழங்கால் வலித்தால் ஆறாவது கிலோமீட்டரில் உள்ள ரெயின்போ ரீச் தொங்குபாலத்திலேயே முடித்துக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பலாம். அதன் நேரத்தையும் இருக்கையையும் ஞாயிற்றுக்கிழமையே உறுதிசெய்துவிடுங்கள், ஏனெனில் பாலத்தை அடைந்த பிறகு அதை விசாரிக்கக் கைபேசித் தொடர்பு கிடைக்கும் என்று எண்ண முடியாது. மதகுகள் வரை நடக்க விரும்புபவர்கள் வையாவ் ஆற்றின் கரையோடு மேலும் 9.5 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஊரை அடைந்ததும் முதல் வேலை, சிங்கப்பூரில் காத்திருப்பவருக்கு "இறங்கிவிட்டோம்" என்று செய்தி அனுப்புவது.